ஏழாம் குப்பி

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது.
எனக்கு ஓவர்டைம்.

அக்கரை மடத்துக்குப் போக
ஹவ்காங்கில் பேருந்தை விட்டிறங்கி
மூடிக்கிடக்கும் செடிக்கடையைத் தாண்டி
வேலியோரமாகக் கால்மணி நேரம் நடக்கவேண்டும்.
மடம் இருப்பது இக்கரையில்.
பெயர் வைத்தவர் எந்தப் பக்கம் நின்றாரோ.

தகரக் கூரை, இரண்டே அறை.
வாசலில் செருப்புகளுக்கு நடுவே
சிமெண்ட் காய்ந்த பூட்ஸ்கள் பன்னிரண்டு ஜோடி.
ஜொகூரிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது.
மேடம் கோ தன் ஊதுவத்திகளைத் தானே கொண்டுவந்து
முருகனுக்கு மூன்று, தண்ணீருக்கு மூன்று என்று
எண்ணிச் செருகினார்.

நான் கும்பிட வரவில்லை.
தோளில் குளிர்பெட்டி, அதற்குள் எட்டுக் குப்பி,
கழுத்தில் வாரியத்தின் அட்டை.
கலங்கல் எவ்வளவு, உயிர்வளி எவ்வளவு,
கிருமி எவ்வளவு:
இந்த நீரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

ஆறு என்கிறோம்.
கடல்வாயில் கதவு போட்ட நாளிலிருந்து
இது பெருகுவதுமில்லை வடிவதுமில்லை.
பதினெட்டாம் பெருக்கன்றும்
நேற்றைய அளவிலேயே நிற்கிறது.

படித்துறையில் எங்கள் பலகை, நான்கு மொழிகளில்.
மூன்று மொழிகள் எதையும் போடாதே என்கின்றன.
தமிழ் மட்டும்
'ஆற்றில் எதையும் தேடாதீர்.'
எவர் விரல் தவறியதோ.
திருத்தச் சொல்லி இருமுறை எழுதிவிட்டேன்.
மடத்துச் சாமி, முன்பு கப்பல் பட்டறையில் வெல்டர்,
தினமும் அதை ஈரத்துணியால் துடைத்துவைக்கிறார்.
"மூணாவது தடவ எழுதாதம்மா" என்றார்,
"இத நான் முப்பது வருஷமா
சொல்லிக் கொடுக்கப் பாக்குறேன்."

ஆறு குப்பி நிரப்பி எழுந்தபோது
படியில் ஒருவன்.
லால்குடிக்காரன், பெயர் சப்தரிஷி.
ஒரு கையில் கைபேசி,
மறு கையில் ஃபேர்பிரைஸ் பை.
பைக்குள் கல்யாண மாலை. மாலை என்றா சொல்வது,
வைகாசியில் கட்டிய சம்பங்கியின்
பழுப்பும் நாரும்.
தாலி கட்டிய இருபதாம் நாள் விமானம் ஏறியவன்.

திரையில் கனகவல்லி,
முழங்கால் அளவு கொள்ளிடத்தில்.
அங்கே எட்டு மணி, இங்கே பத்தரை.
அவள் பாதி மாலையை அவள் விட்டாயிற்று;
அது சுழன்று போனதைக் காட்டக்
கைபேசியைத் திருப்பினாள்,
வேகத்தில் எங்களுக்கு வானம்தான் தெரிந்தது.
"இப்ப நீங்க விடுங்க."

அவன் என் அட்டையைப் பார்த்தான்.
நான் பலகையைப் பார்த்தேன்.
எவ்வளவு அபராதம் என்று அவன் கேட்கவில்லை.
"இது எங்கக்கா போகுது?" என்றான்.

எங்கும் போகாது, தம்பி.
குழாய் வழியாக ஏறி,
சல்லடை, மணல், குளோரின் எல்லாம் தாண்டி
உங்கள் விடுதியில்
நீ அரிசி களைகிற தொட்டிக்கு வரும்.
சாமி உத்தரணியில் தருகிறாரே,
துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டு,
அதுவும் இதுதான்.
இவ்வளவும் சொன்னேனா, பாதி சொன்னேனா
நினைவில்லை.
"அப்ப திரும்ப என்கிட்டயே வருமா?"
என்றது மட்டும் நினைவிருக்கிறது.

ஏழாம் குப்பியைத் திறந்து
ஆற்றில் முக்கி எடுத்தேன்.
"ஆத்துல பூ போடக்கூடாது.
இதுல போடு."
ஒரே ஒரு பூ. குப்பியின் வாய் அவ்வளவுதான்.
நனைந்ததும் அது விரியும் என்று நினைத்தோம்.
விரியவில்லை. கொஞ்சம் நிறம் விட்டது.
கனகவல்லி அங்கே குலவையிட
இங்கே இணைப்பு அறுந்தது.

மீதிப் பூக்களைப் பையோடு முடிந்து
குப்பியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.
மேடம் கோ எங்கள் இருவருக்கும்
ஒரு ஆரஞ்சைப் பிளந்து கொடுத்தார்.

ஆய்வகத்தில் கேட்டார்கள், ஏழு எங்கே.
சிந்திவிட்டது என்று எழுதினேன்.
எட்டின் கலங்கல் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல்;
காரணம் என்ற கட்டத்தில்
வடிகால் வேலை.

இரவு குழாயைத் திறந்து
ஒரு தம்ளர் பிடித்தேன்.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
பலகை சொன்னது ஞாபகம் வந்தது.
குடித்துவிட்டு
தம்ளரைக் கவிழ்த்தேன்.